வீட்டு ஃப்ளைட் சிமுலேட்டர்: கையும் காலும் முதலில், படம் பிறகு

ஃப்ளைட் சிமுலேட்டருக்குச் சாமான் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து தொடங்குகிறார்கள். அடுத்தது பெரிய மானிட்டர். மிச்சமிருக்கும் காசில் ஏதோ ஒரு ஜாய்ஸ்டிக். ஆறு மாதம் கழித்து, "படம் பிரமாதமாக இருக்கிறது, ஆனால் ஒரு தடவைகூட ஒழுங்காக லேண்ட் பண்ண முடியவில்லை" என்று வந்து நிற்பார்கள். தரை தொடுவதற்கு முந்தைய சில விநாடிகளில் விமானத்தைக் காப்பது கையில் இருக்கும் ஸ்டிக், காலடியில் இருக்கும், மூக்கை இட வலமாகத் திருப்பும் ரட்டர் பெடல், ரன்வேயைத் தேடித் திரும்பும் தலை. இந்த மூன்றுக்கும் உரியதை வாங்கிய பிறகு மிஞ்சுவதைப் படத்துக்குச் செலவிடலாம். கணினி நீங்கலாக ஒதுக்கும் பணத்தில் பாதிக்கு மேல் ஸ்டிக்குக்கும் பெடலுக்கும் போவதுதான் சரி.

எந்த விமானம்?

கடைக்குப் போகும் முன் இதை முடிவு செய்துவிடுங்கள். "எல்லாவற்றையும் ஓட்டுவேன்" என்று வாங்கும் செட் எதற்கும் முழுதாகப் பொருந்தாது.

1987-இல் முதன்முதலாகப் பறந்த ஏர்பஸ் ஏ320-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கைக்குப் பக்கவாட்டில் இருக்கும் அதன் சைட்ஸ்டிக்குக்கும் இறக்கைக்கும் நடுவில் இழுத்துத் தள்ளும் கேபிளோ தண்டோ கிடையாது; ஸ்டிக் சொல்வதைக் கணினி வாங்கிக்கொண்டு விமானத்தைத் திருப்புகிறது. உண்மையான விமானத்திலேயே அந்த ஸ்டிக் வெறும் ஸ்பிரிங்கில்தான் நடுவுக்குத் திரும்புகிறது. பறக்கும்போது டிரிம்மையும், அதாவது கையில் தெரியும் பாரத்தைக் கரைக்கும் வேலையையும், விமானமே பார்த்துக்கொள்கிறது. ஆகவே மேசைமேல் வைக்கும் சாதாரண ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக், ஏ320-க்கு மிகக் குறைந்த செலவில் மிகப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஒரே நிபந்தனை: கேப்டன் இருக்கையில் உட்கார ஆசைப்பட்டால் ஸ்டிக் இடது கைக்கு வர வேண்டும். வலது கைக்கு மட்டுமே வார்த்த பிடியை இடது கையால் பிடித்தால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். த்ரஸ்ட்மாஸ்டர் டி16000எம் இரண்டு கைக்கும் மாற்றிக்கொள்ளக்கூடியது. அதே நிறுவனத்தின் ஏர்பஸ் சைட்ஸ்டிக்கும் அதே அடித்தளத்தில் செய்யப்பட்டதுதான்.

செஸ்னா 172 வேறு உலகம். ஸ்டீயரிங் போலத் திருப்பவும் இழுத்துத் தள்ளவும் ஆகிற யோக், கேபிள், கையால் உருட்டும் டிரிம் சக்கரம், என்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்க இழுத்துத் தள்ளும் த்ராட்டில். முழு பவரில் மூக்கு இடப்பக்கம் ஓடும். வலது பெடலை அழுத்தித்தான் நேராக்க முடியும். இதற்குப் பெடல் கட்டாயம், நல்ல யோக்கும் வேண்டும்.

போயிங் 737-க்கும் யோக்தான். அதில் பவரைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோத்ராட்டில் வேலை செய்யும்போது லீவர்கள் தானாக நகரும். வீட்டில் இருக்கும் லீவர் நகராது. அப்ரோச்சில், அதாவது ரன்வேயை நோக்கி இறங்கி வரும்போது, ஆட்டோத்ராட்டிலை விடுவிக்கும் கணத்தில், மேசையில் லீவர் எங்கே கிடக்கிறதோ அந்த பவருக்கு என்ஜின் தாவிவிடும். விடுவிப்பதற்கு முன், திரையில் இருக்கும் லீவரின் இடத்துக்குக் கையில் இருப்பதைக் கொண்டுவந்து வைக்கும் பழக்கம் வேண்டும். ஏ320-இல் ஆட்டோத்ரஸ்ட் (ஏர்பஸில் ஆட்டோத்ராட்டிலின் பெயர்) இருக்கும்போது லீவர் நகர்வதே இல்லை. அந்த வகையிலும் வீட்டுக்கு ஏற்ற விமானம் அது.

போர் விமானம் என்றால் ஸ்டிக்கும் த்ராட்டிலும் நிறையப் பொத்தான்களோடு வேண்டும். டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர் விமான சிமுலேட்டரின் அடிப்படைப் பதிப்பு இலவசம். சுகோய் 25டி அதோடு வருகிறது. அதில் பறந்து பார்த்து, எத்தனை பொத்தான் உண்மையில் தேவைப்படுகிறது என்று தெரிந்துகொண்டு வாங்கலாம். ஹெலிகாப்டர் ஆசை இருந்தால் ஸ்பிரிங்கைக் கழற்ற முடிகிற பெடலைப் பாருங்கள்.

முடிவு செய்யவே முடியவில்லையா? ஸ்டிக் வாங்குங்கள். ஸ்டிக்கை வைத்துச் செஸ்னாவைச் சமாளிக்கலாம். யோக்கை வைத்துப் போர் விமானமோ ஹெலிகாப்டரோ ஓட்டுவது கைக்கு ஒட்டவே ஒட்டாது.

ஸ்டிக்கின் உள்ளே என்ன இருக்கிறது

பெட்டியில் அச்சிட்ட பொத்தான் எண்ணிக்கையை விடுங்கள். சென்சார் எந்த வகை, நகரும் தூரம் எவ்வளவு, நடுவில் எப்படி நடந்துகொள்கிறது: இந்த மூன்றையும் பாருங்கள்.

பழைய, மலிவான ஸ்டிக்குகளில் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். கார்பன் பட்டைமேல் ஒரு முனை உரசிக்கொண்டே நகரும். உரசும் இடம் தேயும், தூசி சேரும், கடலோர ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம் கெடும். அறிகுறி தெளிவானது: கையை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் திரையில் ஸ்டிக்கின் இடத்தைக் காட்டும் புள்ளி துடிக்கும். அதிகம் தேய்வது நடுப்பகுதிதான், ஏனென்றால் ஸ்டிக் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. லேண்டிங்கில் நமக்கு மிக நுணுக்கமாகத் தேவைப்படுவதும் அதே இடம். எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் கொஞ்ச காலம் ஓடும், அதற்குமேல் மாற்றத்தான் வேண்டும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் உள்ளே விடாதீர்கள். எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்னும் மோசமாக்கும்.

ஹால் சென்சாரில் காந்தம் நகர்கிறது, சென்சார் அதன் புலத்தை அளக்கிறது, எதுவும் உரசுவதில்லை. டி16000எம்-இன் இரண்டு முதன்மை அச்சுகளும் (முன்-பின், இடம்-வலம் அசைவுகள்) இந்த வகை. விகேபி, விர்பில் போன்ற நிறுவனங்களும் உரசாத சென்சாரையே போடுகிறார்கள். ஆனால் "ஹால் சென்சார்" என்று பெட்டியில் போட்டிருந்தால் எல்லா அச்சுக்கும் அது பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். பிடியைத் திருகி ரட்டர் இயக்கும் அச்சும், அடியில் இருக்கும் சின்ன த்ராட்டில் லீவரும் பல மாடல்களில் பொட்டென்ஷியோமீட்டராகவே இருக்கும். பெடல் வாங்கிய பிறகு திருகும் அச்சைப் பூட்டிவிட முடிகிற ஸ்டிக் நல்லது. டி16000எம்-இல் அந்த வசதி உண்டு.

ரெசல்யூஷன் எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். 10 பிட் என்றால் 1,024 படி, 12 பிட் என்றால் 4,096, 16 பிட் என்றால் 65,536. 4,096 படி துடிப்பில்லாமல் கிடைத்தால் தாராளம். துடிக்கும் 16 பிட்டைவிட அமைதியான 12 பிட் எவ்வளவோ மேல்.

அடுத்தது தூரம். மேசை ஸ்டிக்கின் பிடி சுமார் 12 செ.மீ. உயரம், ஒவ்வொரு பக்கமும் 20 டிகிரி சாயும் என்று வையுங்கள்: கை நகர்வது 4 செ.மீ.தான். மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரின் ஒரு பக்க வீச்சு முழுதும் அந்த 4 செ.மீ.க்குள் அடங்குகிறது. அதே ஸ்டிக்கில் நீட்டிப்புக் குழாய் போட்டு 30 செ.மீ. ஆக்கினால் 10 செ.மீ. கிடைக்கும், துல்லியம் இரண்டரை மடங்கு. ஆனால் அடிப்பாகத்தை நெம்பும் விசையும் அதே அளவு கூடுவதால், நீட்டிப்பு போட்ட ஸ்டிக்கை மேசைமேல் சும்மா வைக்க முடியாது. இருக்கைக்குக் கீழேயோ பக்கத்திலோ ஸ்டாண்டில் முடுக்கியாக வேண்டும். ஸ்பிரிங்கும் கனமானதாக மாற்ற வேண்டியிருக்கும்.

யோக்கிலும் இதே கணக்குதான். இழுக்கும் தூரம் குறைவாக இருந்தால், தரை தொடும் முன் மூக்கை மெல்லத் தூக்குவதற்குப் பதில் விமானம் எம்பிக் குதிக்கும். விலை குறைந்த யோக்குகளில் இன்னொரு தொல்லை, நடுவில் ஒரு "கிளிக்" உணர்வும் அதைச் சுற்றி ஒரு பிடிப்பும். சின்னத் திருத்தம் செய்யக் கை தள்ளும்போது முதலில் நகராது. விசை கூட்டியதும் தேவைக்கு மேல் நகரும். ஹனிகோம்ப் ஆல்ஃபா யோக் மொத்தம் 180 டிகிரி திரும்புகிறது, நடுவில் கிளிக் இல்லை, ஹால் சென்சார். செஸ்னாவே உங்கள் விமானம் என்றால் அந்தத் தரத்துக்குக் கீழே இறங்காதீர்கள். காசு போதவில்லையா, மட்டமான யோக்குக்குப் பதில் நல்ல ஸ்டிக் ஒன்று வாங்கிப் பறங்கள்.

டிரிம்: ஸ்பிரிங் செய்யும் குழப்பம்

புதிதாக வருகிறவர்களைக் கருவிக் கோளாறோ என்று சந்தேகிக்க வைப்பது இது. பெரும்பாலும் கருவியில் கோளாறே இருக்காது.

உண்மையான செஸ்னாவில் மூக்கைத் தூக்க யோக்கை இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள். கையில் பாரம் தெரிகிறது. டிரிம் சக்கரத்தை உருட்டினால் யோக் இருந்த இடத்திலேயே இருக்க, பாரம் மட்டும் கரைந்துபோகும். கையை எடுத்தாலும் யோக் அங்கேயே நிற்கும். வீட்டு யோக்கில் ஸ்பிரிங் எப்போதும் நடுவை நோக்கியே இழுக்கும். ஆகவே இங்கே வரிசை வேறு. வேண்டிய மூக்கு உயரத்தை முதலில் கையால் பிடியுங்கள், பவரையும் வைத்துவிடுங்கள், வேகம் நிலைக்கட்டும். பிறகு டிரிம்மைச் சிறிது சிறிதாக உருட்டுங்கள். மூக்கு நகர முற்படும்போது அதே அளவுக்குக் கையைத் தளர்த்தி நடுவை நோக்கி விடுங்கள். யோக் நடுவுக்கு வந்து சேரும்போது விமானம் தானாக அதே நிலையில் நிற்கும். கையை நகர்த்தாமல் டிரிம்மை மட்டும் உருட்டிக்கொண்டே போனால் மூக்கு ஏறும், இறங்கும், திரும்ப ஏறும்.

டிரிம்மைப் பொத்தானில் வைத்தால், அழுத்திப் பிடிக்கும்போது வேகமாக ஓடிவிடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் தட்டித் தட்டிப் பயன்படுத்துங்கள். டிரிம் சக்கரம் தனியாக உள்ள த்ராட்டில் செட்டுகளும் உண்டு; ஹனிகோம்ப் பிராவோவில் இருக்கிறது. செஸ்னாக்காரர்களுக்கு அந்த ஒரு சக்கரத்துக்காகவே அது தகும்.

இந்தக் குழப்பத்தை முழுதாகத் தீர்ப்பது ஃபோர்ஸ் ஃபீட்பேக் மட்டுமே. ஸ்பிரிங்குக்குப் பதில் மோட்டார் இருக்கும், டிரிம் செய்தால் நடு என்பதே இடம் மாறும். புரூனர், மோசா ஆகிய நிறுவனங்கள் செய்கின்றன. விலை அதிகம், எடையும் அதிகம், மேசையைத் துளையிட்டு முடுக்க வேண்டும். முதல் கருவியாக வாங்கத் தேவையில்லை.

பெடல்

பெடல் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இரண்டு பாதத்துக்கும் நடுவே இடைவெளி. சில மலிவு மாடல்களில் கால்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். நீண்ட நேரம் பறந்தால் முழங்கால் கடுக்கும். இரண்டாவது, நடுவில் ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம். மிக இறுகலாக இருந்தால் லேசான அழுத்தம் கொடுக்க முடியாமல் கால் உதைக்கத்தான் செய்யும். மூன்றாவது, டோ பிரேக்: பாதத்தின் முன்பகுதியை அழுத்தினால் இடது சக்கரமும் வலது சக்கரமும் தனித்தனியாக பிரேக் பிடிக்க வேண்டும்.

நம் ஊர் மொசைக், டைல்ஸ் தரையில் எந்தப் பெடலும் வழுக்கும். அதற்கு மேல், சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் ஓடும். பெடலையும் நாற்காலியையும் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால் இரண்டு தொல்லையும் ஒரே நேரத்தில் தீரும். 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றை, நாற்காலியின் முன் சக்கரங்கள் மேலேறி நிற்கும் அளவுக்கு நீளமாக வெட்டி, மறுமுனையில் பெடலைத் திருகாணியால் முடுக்குங்கள். சக்கரம் உட்காரும் இடத்தில் ஆழமான வட்டக் குழி எடுத்தால் நாற்காலி நகராது. பலகை வேண்டாம் என்றால் பெடலிலிருந்து நாற்காலித் தண்டுக்கு நைலான் பட்டி கட்டுங்கள். காலால் எவ்வளவு தள்ளினாலும் பட்டி பிடித்துக்கொள்ளும்.

பெடலைச் செருகியதும் விமானம் தரையில் உருளவே (டாக்ஸி) மாட்டேன் என்கிறதா? பெரும்பாலும் டோ பிரேக் அச்சு தலைகீழாகப் பதிவாகியிருக்கும். காலை எடுத்தால் முழு பிரேக், அழுத்தினால் விடுதலை. அமைப்பில் அந்த இரண்டு அச்சையும் ரிவர்ஸ் செய்யுங்கள். டேக்ஆஃப் ஓட்டத்தில் விமானம் சோம்பலாக வேகம் எடுத்தால், ரட்டர் இயக்கும்போதே பாதம் பிரேக்கையும் தொடுகிறது என்று பொருள். குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தின் கீழ்ப்பகுதியால் மட்டும் தள்ளப் பழகுங்கள். பிரேக் அச்சின் தொடக்கத்தில் 5 முதல் 10 சதவீதம் டெட்ஸோனும் (அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி) வையுங்கள்.

இன்னொன்று: மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஒவ்வொரு கருவிக்கும் தானாக ஓர் அமைப்பைப் போட்டுவிடும். ஸ்டிக்கின் திருகும் அச்சும் ரட்டர், பெடலும் ரட்டர் என்று இரண்டும் பதிவாகி, ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். த்ராட்டிலுக்கும் இதுவே நடக்கும். லீவரைத் தொடாமலே பவர் குதிக்கும். ஒவ்வொரு கருவியாகத் திறந்து தேவையில்லாத அச்சுப் பதிவுகளை நீக்குங்கள். உதவி அமைப்புகளில் ஆட்டோ ரட்டரையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கும்வரை பெடல் எதையும் கற்றுத் தராது.

எங்கே பார்ப்பது

சர்க்யூட் அடிக்கும்போது, அதாவது ரன்வேயைச் சுற்றி வந்து இறங்கும்போது, ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் டவுன்விண்டில் ரன்வே உங்களுக்கு நேர் இடப்புறம், 90 டிகிரியில் இருக்கிறது. பேஸுக்கு, அதாவது ரன்வேயை நோக்கி வளையும் அடுத்த கட்டத்துக்கு, திரும்ப வேண்டிய இடம், ரன்வே முனை தோளுக்குப் பின்னால் 45 டிகிரி சரிந்ததும். எவ்வளவு பெரிய மானிட்டரும் அந்தக் கோணத்தைக் காட்டாது.

27 அங்குல மானிட்டர் சுமார் 60 செ.மீ. அகலம், 70 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் அது கண்ணில் அடைக்கும் கோணம் 46 டிகிரி. 34 அங்குல அல்ட்ராவைட் 80 செ.மீ. அகலம், அதே தூரத்தில் ஏறக்குறைய 60 டிகிரி. 43 அங்குல டிவி 95 செ.மீ.; 80 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் 61 டிகிரி. அதாவது பெரிய செலவுக்குப் பிறகு கூடுவது 15 டிகிரிதான். தலையசைவை அளக்கும் ஹெட் டிராக்கிங் இருந்தால் 46 டிகிரித் திரையிலேயே தோளுக்குப் பின்னால் பார்க்கலாம்.

டிராக்ஐஆர் 5 இதில் நெடுநாள் பெயர் பெற்றது: அகச்சிவப்பு கேமரா, தொப்பியிலோ ஹெட்செட்டிலோ மாட்டும் கிளிப். முதுகுக்குப் பின்னால் வெயில் அடிக்கும் ஜன்னல் இருந்தால் கேமரா அந்த வெளிச்சத்தைப் புள்ளியாக எடுத்துக்கொண்டு பார்வை வெட்டி வெட்டி இழுக்கும். கனமான திரைச்சீலை போடுங்கள், அல்லது மேசையை ஜன்னலைப் பார்க்கத் திருப்புங்கள். செலவே வேண்டாம் என்றால் ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருள் சாதாரண வெப்கேமைக் கொண்டே முகத்தைப் பின்தொடரும். அதற்கு முகத்தில் சமமான வெளிச்சம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விளக்கு எரிந்தால் தடுமாறும். எதை வைத்தாலும் நடுவில் சில டிகிரி அசைவுக்குப் பார்வை நகராதபடி வையுங்கள், இல்லாவிட்டால் மீட்டரைப் படிக்கவே முடியாது. தலை 40 டிகிரி திரும்பினால் பார்வை 140 டிகிரி திரும்பும்படி வளைகோட்டை இழுத்துவிடுங்கள். பார்வையை மறுபடி நடுவுக்குக் கொண்டுவரும் பொத்தானை ஸ்டிக்கிலேயே வையுங்கள்.

விஆர் ஹெட்செட் தரும் ஆழ உணர்வுக்கு எந்தத் திரையும் ஈடில்லை. தரை எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று கண் உண்மையாகவே உணர்கிறது. ஆனால் அணிந்ததும் உங்கள் கை, சுவிட்ச், நோட்டுப் புத்தகம் எதுவும் தெரியாது. வெளியே ஆசையாக அடுக்கிய பேனல்கள் வீணாகும். சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் லென்ஸ் வியர்வையில் பனிக்கும். பழைய எச்பி ரிவெர்ப் ஜி2 மலிவாகக் கைமாறுகிறது. அது நம்பியிருந்த விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டியை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து எடுத்துவிட்டது. விலையைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

மூன்று மானிட்டர் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சொல்: எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டர் ஒவ்வொரு திரைக்கும் தனிக் கோணம் கொடுக்கும் வசதியை நன்றாகவே வைத்திருக்கிறது. மற்றவற்றில் ஓரத் திரைகளில் படம் இழுபடும், கணினிச் சுமையும் ஏறும்.

கணினியும் கரண்டும்

2024 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 பரிந்துரைக்கும் நினைவகம் 32 ஜிபி. அதற்குக் குறைத்து இப்போது புதிதாகக் கட்ட வேண்டாம். நிலப்பரப்பு பெருமளவு இணையத்திலிருந்து வந்துகொண்டே இருப்பதால், தடுமாறும் இணைப்பில் ஊர்கள் மங்கலாகவே நிற்கும்; முடிந்தால் வைஃபைக்குப் பதில் லேன் கேபிள். இணையம் நம்பகமில்லாத இடத்தில் இருப்பவர்களுக்கு எக்ஸ்-பிளேன் 12 பொருத்தம்.

புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் ஒரு சோதனை. சிமுலேட்டரில் டெவலப்பர் மோடைத் திறந்து எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) காட்டியைப் போடுங்கள். பெரிய விமான நிலையத்தில், நீங்கள் வழக்கமாக ஓட்டும் விமானத்தோடு நின்று பாருங்கள். தடை மெயின் திரெட்டில் என்று காட்டினால் பிராசஸர்தான் திணறுகிறது. புது கார்டு ஒரு ஃபிரேமைக்கூடக் கூட்டாது. டெரெய்ன் எல்ஓடி (நிலப்பரப்பின் நுணுக்கம்) அளவைக் குறையுங்கள், ஓடுகிற மற்ற விமானப் போக்குவரத்தைக் குறையுங்கள். நுணுக்கமாகச் செய்த பயணி விமானங்கள் இந்தத் திரெட்டை அதிகம் தின்னும். ஏஎம்டியின் எக்ஸ்3டி வகைப் பிராசஸர்கள், அவற்றின் பெரிய கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் நினைவகம்) காரணமாக, இந்த வேலையில் தனியாக நிற்கின்றன. தடை ஜிபியுவில் (கிராஃபிக்ஸ் கார்டில்) என்று காட்டினால் அப்போது கார்டைப் பற்றி யோசிக்கலாம். 8 ஜிபி நினைவகக் கார்டு 4கே திரையில் சீக்கிரம் நிரம்பும். 12 ஜிபியாவது பாருங்கள். 4கே-யில் 83 லட்சம் பிக்சல், 1440பி-யில் 37 லட்சம். இந்த இரட்டிப்புச் சுமைக்குக் காசு கொடுக்கிறோம் என்ற நினைவு மானிட்டர் வாங்கும்போதே இருக்கட்டும்.

பயணி விமானத்துக்கு அசையாமல் நிற்கும் 30 ஃபிரேம் போதும். 45-க்கும் 25-க்கும் நடுவே ஆடும் ஓட்டம் லேண்டிங்கைக் கெடுக்கும், ஏனென்றால் கை கொடுத்த திருத்தம் திரையில் தெரிய ஆகும் நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது.

யுபிஎஸ் வாங்கும்போது விஏ என்பதை வாட் என்று படித்துவிடாதீர்கள். பவர் ஃபேக்டர் 0.6 என்றால் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட். விளையாட்டுக் கணினியும் மானிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டும். 1100 விஏ பக்கம் போங்கள். வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால் நல்ல எஸ்எம்பிஎஸ்கள் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) சில அதில் நிற்காமல் அணைந்துவிடும். சைன் அலை இன்வெர்ட்டர்தான் கணினிக்கு ஏற்றது.

த்ராட்டில், மேசை, யுஎஸ்பி

ஏ320-க்கு த்ராட்டில் வாங்கினால் ஐடில், கிளைம்ப், ஃப்ளெக்ஸ், டோகா ஆகிய பவர் நிலைகளின் இடங்களில் கைக்குத் தெரியும் பள்ளம் இருப்பதை வாங்குங்கள். வாங்கியதும் திரையில் விமானி அறைக்குள் தெரியும் டேப்லெட்டில் ஒவ்வொரு பள்ளத்தையும் காலிப்ரேட் செய்ய வேண்டும். ஃப்ளைபைவயர் குழு செய்த இலவச ஏ320-இலும் இந்தப் பக்கம் இருக்கிறது. செய்யாவிட்டால் கிளைம்ப் பள்ளத்தில் லீவர் விழுந்தும், த்ரஸ்ட் குறைக்கும் உயரத்தைத் தாண்டியும், திரையில் "எல்விஆர் கிளைம்ப்" என்ற எச்சரிக்கை மின்னிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டுப் பதிவு செய்யுங்கள்.

யோக்கின் கிளாம்ப் உங்கள் மேசைப் பலகையின் கனத்துக்குப் பொருந்துமா என்று அளந்து பாருங்கள். கீழே இழுப்பறை உள்ள மேசையில் எந்தக் கிளாம்பும் நிற்காது. மேசை 75 செ.மீ. உயரம் என்றால் யோக்கின் கைப்பிடி நெஞ்சுக்கு வந்துவிடும், தோள் தூக்கியே இருக்கும். நாற்காலியை உயர்த்தினால் பெடலுக்குக் கால் எட்டாது. பெடலுக்கு அடியில் பலகை கொடுத்து உயர்த்துவது எளிய வழி.

மூன்று நான்கு கருவி சேர்ந்ததும் தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் வேண்டும். யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லியாம்பியர்தான். மின்சாரமில்லாத ஹப்பில் அதையே எல்லாரும் பங்கிட்டுக்கொள்வார்கள். பறந்துகொண்டிருக்கும்போது கருவி "காணாமல்" போவதற்கு இன்னொரு காரணம் விண்டோஸின் மின்சேமிப்பு. பவர் பிளானில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு ரூட் ஹப்பிலும் மின்சேமிப்புக்கான டிக்கை எடுங்கள். எந்தக் கருவி எந்தத் துளை என்று ஒட்டி வையுங்கள். துளை மாறினால் சில சிமுலேட்டர்களில் அமைப்பு முழுவதும் கலைந்துவிடும்.

வளைகோடு, அதாவது கை அசைவுக்கு விமானம் எவ்வளவு அசையும் என்ற அமைப்பு: செஸ்னாவில் எலிவேட்டருக்கும் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரானுக்கும் சென்சிட்டிவிட்டியைக் கழித்தல் பக்கம் 20 முதல் 30 வரை கொண்டுபோனால் நடுப்பகுதி மென்மையாகும். அதற்குமேல் போனால் ஓரத்தில் திடீரென எகிறும். ஏ320-க்கு நேர்கோடாகவே விடுங்கள். எக்ஸ்-பிளேனில் விமானத்தைத் தானாக நிலைப்படுத்தும் ஸ்டெபிலிட்டி ஆக்மெண்டேஷன் அமைப்புகள் மூன்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். அது விமானத்தின் இயல்பையே மழுங்கடிக்கிறது. டெட்ஸோன் துடிப்பு இருந்தால் மட்டும், இரண்டு மூன்று சதவீதம்.

பழையது வாங்குவதென்றால்

விற்பவர் வீட்டிலேயே லேப்டாப்பில் செருகி, விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் திரையைத் திறந்து பாருங்கள். கையை எடுத்துவிட்டுப் புள்ளி அசைகிறதா? மெல்ல ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கொண்டுபோகும்போது எங்காவது தாவுகிறதா? நான்கு திசையிலிருந்தும் விட்டுப் பார்த்தால் ஒரே இடத்தில் வந்து நிற்கிறதா? ஒவ்வொரு பொத்தானையும் பத்து தடவை அழுத்துங்கள். ஒரே அழுத்தத்தில் இரண்டு முறை மின்னினால் சுவிட்ச் போயிற்று. கேபிள் உள்ளே நுழையும் இடத்தை ஆட்டிப் பாருங்கள். பிடியில் ரப்பர் பூச்சு பிசுபிசுத்தால் நம் ஊர் ஈரக்காற்றில் அது இன்னும் உருகும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தெடுக்கலாம், ஆனால் எழுத்துகளும் போய்விடும்.

வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைக்கும் கருவிக்குச் சுங்கவரி மட்டும் கணக்கல்ல. கெட்டுப்போனால் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. உதிரி ஸ்பிரிங், உதிரி போர்டு ஆகியவற்றைத் தனியாக விற்கிற நிறுவனமாகப் பார்த்து வாங்கினால் இங்கேயே சரிசெய்துகொள்ளலாம்.

கையால் செய்யக்கூடியது

சுவிட்ச் பேனலைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆர்டுயினோ மெகா 2560 என்ற சிறு மின்னணு போர்டு ஒன்றும், அதைச் சிமுலேட்டரோடு இணைக்கும் மொபிஃப்ளைட் என்ற இலவச மென்பொருளும் போதும். சுவிட்ச், கம்பி எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். போர்டில் 54 டிஜிட்டல் பின்கள். ஒவ்வொரு டாகிள் சுவிட்சிலும் ஒரு காலை ஒரு பின்னுக்கும் மறு காலை கிரவுண்டுக்கும் கொடுங்கள். உள்ளேயே புல்-அப் இருப்பதால் ரெசிஸ்டர் தேவையில்லை. எல்இடிக்கு மட்டும் 330 ஓம் தொடரில் போடுங்கள், 5 வோல்ட்டில் சுமார் 9 மில்லியாம்பியர் ஓடும். ரேடியோ அலைவரிசை திருப்ப, சொடுக்குச் சொடுக்காகச் சுழலும் ரோட்டரி என்கோடர்: நடுக்கால் கிரவுண்டு, மற்ற இரண்டும் இரண்டு பின். ஒரு சொடுக்குக்கு எண் இரண்டிரண்டாகத் தாவினாலோ, இரண்டு சொடுக்குக்கு ஒன்று நகர்ந்தாலோ, மென்பொருளில் என்கோடர் வகையை மாற்றிப் பாருங்கள், கம்பியில் குற்றமில்லை.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சுவிட்சுக்கு "மாற்று" என்ற வகைக் கட்டளையைக் கொடுத்துவிடுவார்கள். சிமுலேட்டரில் விமானம் ஏற்றப்படும்போது லேண்டிங் லைட் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால், பேனலில் ஆன் செய்தால் அங்கே அணையும். கடைசிவரை தலைகீழாகவே ஓடும். மேலே தள்ளினால் "ஆன்", கீழே தள்ளினால் "ஆஃப்" என்று இரண்டு தனிக் கட்டளையாகக் கொடுங்கள். சிமுலேட்டரில் விமானம் ஏற்றப்பட்டதும் எல்லாச் சுவிட்சையும் ஒரு முறை ஆன், ஆஃப் செய்துவிட்டால் பேனலும் திரையும் ஒத்துப்போகும்.

செஸ்னா 172-க்கு முதல் பேனலில் பேட்டரி, ஆல்டர்னேட்டர், ஃப்யூவல் பம்ப், பீக்கன், லேண்டிங், டாக்ஸி, நேவ், ஸ்ட்ரோப், பிட்டாட் ஹீட், ஏவியானிக்ஸ் என்று பத்து சுவிட்ச் போதும். ஆல்ஃபா யோக் ஏற்கெனவே வைத்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவை அதிலேயே இருக்கின்றன. அந்த உழைப்பை ரேடியோ பேனலுக்குக் கொடுங்கள்.